டி-ரெக் செல்களை எங்கே எண்ணுவது? குடல் அழற்சி நோய் ஆய்வுக்கு ஒரு ஒப்பீடு

"குடல் அழற்சி நோயாளிகளிடம் டி-ரெக் அளக்கப் போகிறேன், எந்த ஆன்டிபாடி பேனல் வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு வரும் முதுநிலை மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேனல் (செல்களை அடையாளம் காட்டும் ஆன்டிபாடித் தொகுப்பு) அப்புறம். நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் இந்த டி-ரெக் செல்களை ரத்தத்தில் அளக்கப் போகிறீர்களா, குடலிலா? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கினால் ஃப்ரிட்ஜ்தான் நிறையும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2005இல் வெளிவந்த, இன்றும் பலர் மேற்கோள் காட்டும் ஓர் ஆய்வில், குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளான க்ரோன் நோயோ அல்சரேட்டிவ் கோலைட்டிஸோ தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் இந்தச் செல்கள் குறைந்திருந்தன. அதே கட்டத்தில் குடல் சவ்வில் பார்த்தால் கூடியிருந்தன. அழற்சியே ஆனாலும் வேறு நோயான டைவர்ட்டிகுலைட்டிஸ் நோயாளிகளின் குடலோடு ஒப்பிட்டபோது, அந்தக் கூடுதல் போதுமானதாக இல்லை. குறைவு, அதிகம், அதிகம்தான் ஆனால் பற்றாது என்று மூன்று பதில்கள். மூன்றும் சரி. உங்கள் ஆய்வு இவற்றில் எதைச் சொல்லப்போகிறது என்பதை, நீங்கள் எடுக்கும் மாதிரியே பாதி தீர்மானித்துவிடும்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: நோய் எதிர்ப்புப் படையை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்களைத்தான் ஆய்வகத்தில் டி-ரெக் என்கிறார்கள். சிடி25 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து 1995இல் இவற்றைப் பிரித்துக் காட்டியவர் ஷிமோன் சகாகுச்சி. இந்தச் செல்களை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணுவை 2001இல் அடையாளம் கண்டவர்கள் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும். மூவரும் 2025இல் மருத்துவ நோபல் பெற்றார்கள். அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு முதலில் வரும் தொல்லைகளில் ஒன்று தீராத வயிற்றுப்போக்கு. குடலுக்கும் இந்தச் செல்களுக்கும் உள்ள உறவுக்கு அதைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

நோயாளியாக இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டி-ரெக் எண்ணிக்கை இன்றைக்கு வழக்கமான மருத்துவச் சோதனை அல்ல. உங்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பவை அழற்சியைக் காட்டும் புரதங்களான மலத்தில் கால்புரோட்டெக்டின், ரத்தத்தில் சிஆர்பி, கொலோனோஸ்கோபி, பயாப்ஸி இவைதான். யாராவது டி-ரெக் சோதனையைப் பேக்கேஜாக விற்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். இனி எழுதுவது ஆய்வு செய்பவர்களுக்கு.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் கேள்வி. எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன, உண்மையான டி-ரெக்தானா, வேலை செய்கின்றனவா என்று நான்கு தனித்தனிக் கேள்விகள் உண்டு. நான்குக்கும் சேர்த்துப் பதில் சொல்லும் சோதனை கிடையாது.

இரண்டாவது, எதற்கு எத்தனை என்ற கணக்கு. பின்னத்தின் கீழ் எண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை, முடிவைக் கவிழ்ப்பது அதுதான். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,000 சிடி4 செல்கள் (டி-ரெக்கும் அடங்கிய டி செல் வகை), அதில் 60 டி-ரெக் என்றால் 6 சதவீதம். அசாதயோபிரின் போன்ற மருந்தால் லிம்போசைட்டுகள் குறைந்து சிடி4 500 ஆகவும் டி-ரெக் 40 ஆகவும் இறங்கினால் 8 சதவீதம். சதவீதம் ஏறிவிட்டது, செல்கள் குறைந்துவிட்டன. "மருந்தால் டி-ரெக் கூடியது" என்று எழுதிவிட்டால் முடிந்தது கதை. அதனால் சதவீதத்தோடு முழு எண்ணிக்கையும் வேண்டும்.

மூன்றாவது, மாதிரி எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு நேரம் தாங்கும். நான்காவது, நோயாளி எடுக்கும் மருந்து. ஐந்தாவது, கொட்டேஷனில் வராத செலவு.

## புதிய ரத்தம், ஃப்ளோ சைட்டோமெட்ரி

செல்களில் ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டி, ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட்டி எண்ணுவதுதான் ஃப்ளோ சைட்டோமெட்ரி. பெரும்பாலோர் முதலில் நினைப்பது இதைத்தான், அதில் தப்பும் இல்லை. ரத்தம் எளிதில் கிடைக்கும், ஒரே நோயாளியிடம் திரும்பத் திரும்ப எடுக்கலாம், மாலைக்குள் எண் கையில் வந்துவிடும்.

சிக்கல் அடையாளங்களில் இருக்கிறது. மனித ரத்தத்தில் சிடி25 இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரியாது. சரிவு மாதிரி வழிந்துகொண்டே போகும், கோட்டை எங்கே போடுவது என்பது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் கையில். 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரு வழி சொன்னார்கள்: டி-ரெக்குகளில் சிடி127 என்ற மேற்பரப்புப் புரதம் குறைவாக இருக்கும். சிடி25 கூடுதல், சிடி127 குறைவு என்று பார்த்தால் கோடு போடுவது சுலபம், செல்லும் உயிரோடு இருக்கும். ஃபாக்ஸ்பி3 அப்படியில்லை. அது உட்கருவுக்குள் இருக்கிறது, சாயமேற்றச் செல்லைத் துளைத்தாக வேண்டும். அதன் பிறகு அந்தச் செல்லை வைத்து வேறு சோதனை செய்ய முடியாது. ஆன்டிபாடி குளோன் (அதாவது எந்த ரகம் என்பது) மாறினாலும் எண் மாறும். பிசிஎச்101 என்ற குளோனை வைத்து ஒருவர் எடுத்த சதவீதத்தை 259டி என்ற குளோனை வைத்து எடுத்ததோடு நேராக ஒப்பிட முடியாது.

இதைவிடப் பெரிய தலைவலி: மனிதர்களில் சாதாரண டி செல்லும் தூண்டப்பட்டால் கொஞ்ச காலத்துக்கு ஃபாக்ஸ்பி3 காட்டும். குடல் அழற்சி நோயாளியின் ரத்தத்தில் தூண்டப்பட்ட செல்களுக்கா பஞ்சம்? காக்கிச் சட்டை போட்ட திருடனையும் போலீஸ் கணக்கில் சேர்த்துவிடுவோம். 2009இல் மியாராவும் சகாகுச்சியும் சிடி45ஆர்ஏ என்ற இன்னொரு அடையாளத்தைச் சேர்த்து ஃபாக்ஸ்பி3 செல்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஓய்வில் இருப்பவை, செயலில் இறங்கியவை, மூன்றாவதாக ஃபாக்ஸ்பி3 குறைவாகவும் சிடி45ஆர்ஏ இல்லாமலும் இருக்கும், அடக்கும் வேலை செய்யாத கூட்டம். பேனலில் இன்னும் ஒரே ஒரு நிறத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் சிடி45ஆர்ஏவுக்குக் கொடுங்கள். வயது கூடக்கூட ஓய்வு வகை குறையும், ஆகவே ஒப்பீட்டுக் குழுவின் வயது பொருந்த வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க முன்வரும் ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் 25 வயது மாணவர்கள்தான். கவனம்.

செல்கள் குடலுக்குள் போவதைத் தடுக்கும் மருந்தான வெடோலிசுமாப் எடுப்பவர்களிடம் தனிப் பொறி ஒன்று உண்டு. குடலுக்குப் போகும் செல்களை அடையாளம் காண ஆல்ஃபா4-பீட்டா7 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பார்ப்பார்கள். அதற்குப் பயன்படும் ஆக்ட்-1 என்ற ஆன்டிபாடியிலிருந்து உருவானதுதான் இந்த மருந்து. மருந்து ஏற்கெனவே அந்த இடத்தை அடைத்திருக்கும், உங்கள் ஆன்டிபாடிக்கு உட்கார இடமிருக்காது. செல் இருந்தும் இல்லை என்று காட்டும்.

மறைவான செலவு நேரம்தான். கொலோனோஸ்கோபி நாளில் ரத்தம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, கருவியோ முன்பதிவு செய்திருக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் பக்கத்து ஊரிலிருந்து ரத்தம் இரவு பஸ்ஸில் ஐஸ் பெட்டியில் வந்தது. மறுநாள் காலையில் அடர்த்தித் திரவத்தில் பிரித்தால், லிம்போசைட் அடுக்கோடு நியூட்ரோஃபில்களும் வந்து கலங்கிக் கிடக்கும். முதல் மூன்று மாத மாதிரிகளைத் தூக்கிப் போட்டோம். உள்ளூர் நோயாளிகளும் வெளியூர் நோயாளிகளும் வேறுபடுகிறார்கள் என்று ஒரு முடிவு எழுதும் நிலைக்கே போயிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இது சிறந்த தேர்வாகும் இடம்: ஒரே நபரை மருந்துக்கு முன்பும் பின்பும் பார்ப்பது. குறைந்த அளவு ஐஎல்-2 (டி செல்களை வளர்க்கும் சமிக்ஞைப் புரதம்) கொடுத்து டி-ரெக்கைப் பெருக்கும் சிகிச்சை ஆய்வுகளில் ரத்த எண்ணிக்கைதான் மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு முதல் சாட்சி. நம் ஊருக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது: குடல் காசநோயா, க்ரோன் நோயா? இரண்டும் கொலோனோஸ்கோபியில் ஒன்றுபோலத் தோன்றி மருத்துவரைக் குழப்பும். டெல்லி எய்ம்ஸ் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் டி-ரெக் பங்கு க்ரோன் நோயாளிகளைவிடக் குடல் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருந்தது. ரத்தத்தில் அளந்து மருத்துவப் பயன் தேடுவதற்கு நல்ல மாதிரி அது.

## உறைய வைத்த ரத்தச் செல்கள்

ஓராண்டு நோயாளிகளைச் சேர்த்து, எல்லா மாதிரிகளையும் ஒரே நாளில், ஒரே கருவி அமைப்பில் ஓட்டலாம். தொடர் ஆய்வுகளுக்கு இதுவே மேல். பல ஊர்கள் சேர்ந்த திட்டத்துக்கு வேறு வழியும் இல்லை.

விலை என்ன? உறைந்து உருகும்போது சிடி62எல் போன்ற சில மேற்பரப்புப் புரதங்கள் உதிர்ந்துவிடும். செத்த செல்கள் எல்லா ஆன்டிபாடியையும் ஒட்டிக்கொள்ளும், ஆகவே உயிருள்ளதைப் பிரித்துக் காட்டும் சாயம் கட்டாயம். புதியதையும் உறைந்ததையும் ஒரே வரைபடத்தில் கலக்கவே கூடாது. திரவ நைட்ரஜன் வாரா வாரம் நிரப்ப ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். மைனஸ் 80 ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்துவிட்டுச் செல் செத்துவிட்டது என்று வருந்திப் பயனில்லை.

## பயாப்ஸியைக் கரைத்து ஃப்ளோ

நோய் இருக்கும் இடத்திலேயே அளக்கிறோம் என்ற மன நிறைவு இதில் உண்டு. டிடிடி, ஈடிடிஏ என்ற வேதிப்பொருள்களைக் கொண்டு மேல் அடுக்கை உதிர்த்து, கொலாஜினேஸ் என்ற நொதியால் திசுவைக் கரைத்து, கிடைக்கும் செல்களைச் சாயமேற்றுவார்கள்.

கிடைப்பது கொஞ்சம்தான். ஒரு பயாப்ஸித் துண்டு சில மில்லிகிராம். அழற்சி உள்ள குடலில் செல்கள் ஏராளம், ஆரோக்கியமான குடலில் மிகக் குறைவு. ஆகவே ஒப்பீட்டுக் குழுவில்தான் எண் ஆட்டம் காணும். 200 சிடி4 செல்களில் 5 சதவீதம் என்றால் 10 செல்கள். 10 செல்கள் எண்ணினால் அதன் இயல்பான தடுமாற்றமே கூட்டியோ குறைத்தோ 3. அந்தச் சதவீதத்தை இரண்டு தசமத் துல்லியத்தில் எழுதுவது வேடிக்கை. நொதி சில அடையாளங்களை வெட்டிவிடும், கரைப்பதில் எத்தனை செல் போனது என்றும் தெரியாது. ரத்தத்தின் விதிகளும் இங்கே செல்லாது. குடலில் உள்ள டி செல்களில் பெரும்பாலானவை சிடி45ஆர்ஏ இல்லாத நினைவுச் செல்கள், ஆகவே அந்த மூன்று பிரிவுக் கணக்கை இங்கே கொண்டுவர முடியாது.

இதற்கெல்லாம் மேலாக, ஆய்வுக்கென்று கூடுதல் துண்டுகள் எடுக்க நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வேண்டும். தீவிரப் புண் உள்ளவரிடம் இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அறுவை சிகிச்சையில் குடல் துண்டு கிடைக்கிறது, பக்கத்திலேயே ஆய்வகம் இருக்கிறது என்றால் தயங்காமல் செய்யுங்கள். இல்லையென்றால் யோசியுங்கள்.

## பாரஃபின் பிளாக், ஃபாக்ஸ்பி3 சாயம்

சிறிய பட்ஜெட்டில் தீசிஸ் எழுதுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டும் வழி இதுதான். நோயியல் துறையின் அலமாரியில் பல ஆண்டு பிளாக்குகள் (பாரஃபின் மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) ஏற்கெனவே இருக்கின்றன. யாரிடமும் புதிதாகச் சதை கேட்க வேண்டாம். அந்த நோயாளிக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் கேஸ் ஷீட்டில் இருக்கும். செல் எங்கே நிற்கிறது என்பதையும் வேறு எந்தச் சோதனையும் இவ்வளவு மலிவாகக் காட்டாது. 236ஏ/இ7 என்ற குளோன் பாரஃபினில் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் கீழ் எண் இங்கே இன்னும் வழுக்கும். "ஒரு ஹை பவர் ஃபீல்டுக்கு இத்தனை" என்று எழுதுவார்கள். அந்த ஃபீல்டின் பரப்பு மைக்ராஸ்கோப்புக்கு மைக்ராஸ்கோப் மாறும். சதுர மில்லிமீட்டருக்கு எண்ணுங்கள். அப்போதும், அழற்சியில் குடல் சவ்வு நீர் கோத்து வீங்கினால் அதே செல்கள் அதிகப் பரப்பில் சிதறி எண் குறைந்ததாகக் காட்டும். ஆகவே டி செல் அடையாளமான சிடி3யோ சிடி4ஓ சேர்த்து இரட்டைச் சாயம் போட்டு, அதற்கு எத்தனை என்றும் சொல்லுங்கள். லிம்பாய்டு ஃபாலிக்கிள்களில் (குடல் சவ்வில் லிம்போசைட்டுகள் திரண்ட முடிச்சுகள்) டி-ரெக் குவிந்திருக்கும். ஒரு ஃபாலிக்கிள் ஃபீல்டுக்குள் வந்துவிட்டால் எண் எகிறும். சேர்ப்பதா விடுவதா என்பதை எண்ணத் தொடங்கும் முன் எழுதி வையுங்கள், எண்ணிய பின் அல்ல.

இன்னொன்றும் உண்டு. இடுக்கியால் எடுக்கும் பயாப்ஸி மேல் சவ்வைத்தான் எட்டும். அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு அது போதும், நோய் அங்கேதான் இருக்கிறது. க்ரோன் நோய் குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் போகும், ஆகவே அதற்கு அறுவை சிகிச்சை பிளாக்தான் முழுப் படம். இரண்டு நோய்களையும் மேலோட்டப் பயாப்ஸியில் ஒப்பிட்டு வித்தியாசம் கண்டுபிடித்தேன் என்றால், அந்த வித்தியாசம் ஆழத்தினாலா நோயினாலா?

மறைவான செலவு மனிதக் கண்கள். யாருடைய ஸ்லைடு என்று தெரியாமல் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், அதற்கு நோயியல் மருத்துவரின் நேரம் வேண்டும். ஸ்லைடை ஸ்கேன் செய்ய வசதியிருந்தால் க்யூபாத் என்ற இலவச மென்பொருள் பாதிச் சுமையைக் குறைக்கும்.

## டிஎன்ஏ மெத்திலேஷன்

காக்கிச் சட்டைத் திருடனைப் பிடிக்க இருப்பதில் நல்ல வழி. ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு பகுதி உண்மையான, நிலையான டி-ரெக்கில் மட்டும் மெத்தில் குறி (டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதிக் குறி) இல்லாமல் இருக்கும். தற்காலிகமாக ஃபாக்ஸ்பி3 காட்டும் சாதாரண செல்லில் அந்தக் குறி அப்படியே இருக்கும். பைசல்ஃபைட் மாற்றம் செய்து பிசிஆரில் அளக்கலாம். உயிருள்ள செல் தேவையில்லை, ஃப்ரீசரில் கிடக்கும் முழு ரத்தமே போதும்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று: ஃபாக்ஸ்பி3 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அணைந்திருக்கும், அதில் மெத்தில் குறி இருக்கும். ஆகவே பெண்களின் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். மறந்தால் ஆண்களுக்கு டி-ரெக் இரு மடங்கு என்று ஒரு கண்டுபிடிப்பு தயாராகிவிடும்.

முழு ரத்த வெள்ளணுக்களில் டி-ரெக் சுமார் 1 சதவீதம்தான், ஆகவே டிஎன்ஏ போதிய அளவு வேண்டும். நோய் தீவிரத்தில் நியூட்ரோஃபில் ஏறினால் இந்தப் பங்கு தானாகவே இறங்கும். டி செல்களுக்கென்றும் ஓர் அளவை எடுத்து அதனால் வகுக்காவிட்டால் நீங்கள் அளந்தது நியூட்ரோஃபிலைத்தான்.

## அடக்கும் திறன் சோதனை

"வேலை செய்கின்றனவா" என்ற கேள்விக்கு இது ஒன்றே பதில். டி-ரெக்கை உயிரோடு பிரித்து, செல் பிரியும்தோறும் மங்கும் சிஎஃப்எஸ்இ சாயமேற்றிய சாதாரண டி செல்களோடு 1:1, 1:2, 1:4 என்று கலந்து, தூண்டிவிட்டு, சில நாட்கள் கழித்து எவ்வளவு பெருகியிருக்கின்றன என்று பார்ப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மில்லி ரத்தத்தில் சுமார் 1 கோடி மோனோநியூக்ளியர் செல்கள், அதில் 40 லட்சம் சிடி4, அதில் 5 சதவீதம் என்றால் 2 லட்சம் டி-ரெக். பிரிப்பதில் பாதி போகும். மிச்சத்தை மூன்று விகிதங்களில், மும்மூன்று குழிகளில் பிரித்தால் கையிருப்பு தீர்ந்தது. சோகை பிடித்த நோயாளியிடம் 50 மில்லி கேட்பது நியாயமா?

இன்னொரு நுணுக்கமும் உண்டு. குடல் அழற்சி நோயில் டி-ரெக் சரியாகவே இருந்து, அடங்க வேண்டிய செல்கள்தான் அடங்க மறுக்கின்றன என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. அந்தச் செல்களில் ஸ்மாட்7 என்ற புரதம் கூடி, அடங்கச் சொல்லும் சமிக்ஞையான டிஜிஎஃப்-பீட்டாவின் பேச்சைக் கேட்காமல் செய்துவிடுகிறது. ஆகவே நோயாளியின் டி-ரெக்கை ஆரோக்கியமானவரின் செல்களோடும், ஆரோக்கியமானவரின் டி-ரெக்கை நோயாளியின் செல்களோடும் மாற்றிப் போட்டால்தான் குற்றம் யாருடையது என்று தெரியும். வேலை இரட்டிப்பாகும். அதற்குத் தயாரில்லை என்றால் இந்தச் சோதனையில் இறங்காமல் இருப்பதே நல்லது.

(உலோகச் சாயம் வைக்கும் மாஸ் சைட்டோமெட்ரியும், ஒற்றைச் செல் ஆர்என்ஏ வாசிப்பும் பற்றிக் கேட்பார்கள். புது வகைகளைத் தேடிக் கண்டுபிடிக்க அவை அருமை. 2019இல் வந்த பெருங்குடல் வரைபடம் 18 அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளையும் 12 ஆரோக்கியமானவர்களையும் வைத்து 3,66,650 செல்களைப் படித்தது. ஆனால் ஃபாக்ஸ்பி3 ஆர்என்ஏ குறைவாகவே இருப்பதால் பல செல்களில் தவறிப்போகும். வெறுமனே எண்ணிக்கைக்காக அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.)

| வழி | நன்றாகச் சொல்வது | சொல்லாதது | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|
| புதிய ரத்த ஃப்ளோ | ஒரே நபரின் மாற்றம் | குடல் நிலை | நேரம், கருவி முன்பதிவு |
| உறைந்த செல் ஃப்ளோ | பல நபர், பல மாதத் தொடர் | உதிர்ந்த அடையாளங்கள் | நைட்ரஜன், செத்த செல் |
| பயாப்ஸி ஃப்ளோ | குடல் செல்லின் வகை | இடம், மொத்த எண் | கூடுதல் துண்டு, அனுமதி |
| பாரஃபின் சாயம் | இடம், பழைய மாதிரி | நிலைத்தன்மை, ஆழம் | எண்ணும் ஆள் |
| மெத்திலேஷன் | உண்மையான டி-ரெக் எண் | வேலை, இடம் | ஒப்பிட்டு அளக்கும் தரக் கோடு, டிஎன்ஏ அளவு |
| அடக்கும் சோதனை | வேலைத் திறன் | குடலுக்குள் நடப்பது | ரத்தம், ஒரு வார உழைப்பு |

## யாருக்கு எது

மருந்தின் விளைவைப் பார்க்கிறீர்களா? ரத்த ஃப்ளோ, ஒரே ஊர் என்றால் புதியது, பல ஊர் என்றால் எல்லாவற்றையும் உறைய வையுங்கள். முழு எண்ணிக்கைக்கு எண்ணும் மணிகளை (எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகள்) சேருங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற மருந்துகளுக்குப் பின் ரத்தத்தில் டி-ரெக் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது புதிதாகப் பிறந்ததா, குடலிலிருந்து திரும்பியதா என்பதை ரத்தம் மட்டும் சொல்லாது. அதற்கு அதே நோயாளியின் பிளாக்கும் வேண்டும்.

இரண்டாண்டு தீசிஸ், கையில் பணம் குறைவு என்றால் பாரஃபின். அறுதியாகச் சொல்கிறேன், அரைகுறை ஃப்ளோவைவிட ஒழுங்காக எண்ணிய 40 பிளாக்குகள் மேல். ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமான குடலோடு நிறுத்தாமல், டைவர்ட்டிகுலைட்டிஸோ தொற்றுக் கோலைட்டிஸோ சேருங்கள். இல்லையென்றால் நீங்கள் காண்பது அழற்சிக்குப் பொதுவானதா, இந்த நோய்க்கு மட்டும் உரியதா என்று தெரியவே தெரியாது.

ஃப்ரீசரில் பழைய ரத்தம் மட்டும்தான் இருக்கிறதா? மெத்திலேஷன். டி-ரெக்கையே மருந்தாகச் செலுத்தும் சிகிச்சைக்கு செல் தயாரிக்கிறீர்களா? மெத்திலேஷனும் அடக்கும் சோதனையும் இரண்டும் கட்டாயம், அங்கே சுருக்குவழி இல்லை.

எந்த வழி என்றாலும் தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரே ஆளின் ரத்தத்தை மூன்று குழாய்களில் எடுத்து மூன்றையும் தனித்தனியாக ஓட்டுங்கள், அல்லது ஒரே பிளாக்கிலிருந்து மூன்று ஸ்லைடு வெட்டி எண்ணுங்கள். அந்த மூன்று எண்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். நோயாளிக்கும் ஆரோக்கியமானவருக்கும் நீங்கள் காணும் வித்தியாசம் அதைவிடச் சிறியதாக இருந்தால், கட்டுரை எழுத உட்காராதீர்கள்.